கரிக்குள்ளே என்ன நடக்கிறது?

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் இன்றைய மாணவ, மாணவியரே! கடைசி வரிசையைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், நான்கு வருடம் நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

சங்கச் செயலாளர் போன் செய்து, "உங்க துறையைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க, பசங்களுக்குப் பயனா இருக்கும்" என்றார். "என் துறை கரி சார்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "நிலக்கரியா?" என்று கேட்டார். "இல்லை சார், அதைவிட ரொம்ப மெல்லிசு" என்றேன்.

எஃகு உறுப்புகளின் மேல் கார்பன் படலம் பூசுவது என் தொழில். அந்தப் படலத்தின் கனம் இரண்டு மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நடுவில் நான் செய்த ஒரு தவறும் வரும். அதைச் சொல்லாமல் வெறும் அறிவியலை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பாதி உண்மையைச் சொன்னதாகத்தான் ஆகும்.

முதலில் நம் ஆய்வகத்தில் இருந்து தொடங்குகிறேன். நான் இங்கே சேர்ந்தது 2007-ல். முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை உண்டு. இங்கிருக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளியைக் கண்டுபிடிப்பது. ஒரு ஜெர்மானியம் டையோடை எண்ணெய்க் குவளைக்குள் இறக்கி, சூடாக்கி, ஆற விட்டு, ஒவ்வொரு வெப்பநிலையிலும் எவ்வளவு மின்னோட்டம் என்று குறிக்க வேண்டும். வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். அதன் சாய்வில் இருந்து விடை.

எங்கள் முறை வந்த அன்று மூன்று அளவு எடுத்ததும் கரண்ட் போய்விட்டது. எட்டுப் புள்ளி வேண்டும். என்ன செய்வோம்? நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான் செய்தோம். முந்தின பேட்ச் அண்ணன் ஒருவரின் ரெக்கார்டு நோட்டில் இருந்து மீதி ஐந்தை எடுத்து ஒட்டினோம். கோடு அம்பு மாதிரி வந்தது.

எங்கள் பேராசிரியர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குப்பா. எட்டும் கோட்டு மேலேயே உட்கார்ந்திருக்கு. நீ அளந்தது எத்தனை?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. "மூணு சார்" என்றேன். "அப்ப மூணை மட்டும் போட்டுக் கொண்டா. மூணு புள்ளியில என்ன தெரியுதோ அது போதும்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. பத்துக்கு ஆறு மதிப்பெண் போட்டார். அந்த ஆறு எனக்குப் பிற்பாடு எப்படி உதவியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, கரிக்கு வருவோம்.

கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நான்கு கைகளாலும் நான்கு அண்டை அணுக்களை இறுகப் பிடித்துக்கொண்டால் அது வைரம். இந்தப் பிணைப்பை எஸ்.பி.3 என்று சொல்வார்கள். எந்தக் கையும் காலியாக இல்லை. எந்த எலெக்ட்ரானுக்கும் நகர இடம் இல்லை. ஒரு எலெக்ட்ரானை அதன் இடத்தில் இருந்து கிளப்பி ஓடவிட வேண்டுமென்றால் 5.5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. இதற்குத்தான் ஆற்றல் இடைவெளி என்று பெயர். ஜெர்மானியத்துக்கு இது சுமார் 0.67 மட்டுமே. அதனால் வைரம் மின்காப்புப் பொருள்.

அதே கார்பன், மூன்று கைகளால் மட்டும் மூன்று அணுக்களைப் பிடித்துக்கொண்டு தட்டையான தளமாக உட்கார்ந்தால் அது கிராஃபைட். பென்சிலில் இருப்பது. இதற்கு எஸ்.பி.2 பிணைப்பு என்று பெயர். நான்காவது எலெக்ட்ரான் தளத்துக்கு மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கும். அது பக்கத்து அணுக்களின் நான்காவது எலெக்ட்ரான்களோடு சேர்ந்து ஒரு பொதுச் சொத்து மாதிரி ஆகிவிடும். இதைப் பை பிணைப்பு என்பார்கள். அந்தப் பொதுச் சொத்துதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. ஒரு தளத்துக்குள் அணுவுக்கு அணு 1.42 ஆங்ஸ்ட்ராம், தளத்துக்குத் தளம் 3.35 ஆங்ஸ்ட்ராம். அந்தப் பெரிய இடைவெளியால்தான் தளங்கள் வழுக்கிக்கொண்டு காகிதத்தில் ஒட்டுகின்றன, நாம் எழுதுகிறோம்.

இதுவரை பாடப்புத்தகம். இரண்டும் படிகங்கள், அணுக்கள் அணிவகுப்பு மாதிரி வரிசையாக நிற்பவை. ஆனால் நாம் தினமும் பார்க்கும் கார்பன் இந்த இரண்டும் இல்லை. அடுப்புக்கரி, விளக்குப் புகைக்கரி, பழைய இஸ்திரிப் பெட்டிக் கரி, தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் சிரட்டைக் கரி, நான் பூசும் படலம், எல்லாம் ஒழுங்கில்லாத கார்பன்கள். ஆங்கிலத்தில் அமார்ஃபஸ் கார்பன் என்பார்கள். நாம் படிகமற்ற கார்பன் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணுவுக்குப் பக்கத்து அணு எவ்வளவு தூரத்தில் என்று கேட்டால் சரியான விடை கிடைக்கும். பத்து அணு தள்ளி என்ன இருக்கிறது என்று கேட்டால் விடை கிடையாது. எஸ்.பி.2-வும் எஸ்.பி.3-யும் கலந்து கிடக்கும். சிலவற்றில் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும்.

இதோ என் கையில் இரண்டு கரித்துண்டுகள். ஒரே தேங்காய்ச் சிரட்டையின் இரண்டு துண்டுகள்தான். இரண்டையும் காற்றுப் படாமல் மூடி உலையில் வைத்தேன். ஒன்றை 400 டிகிரி செல்சியஸில், இன்னொன்றை 900 டிகிரியில். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. யாராவது ஒரு மாணவி மேடைக்கு வந்து இந்த மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

(முதலாண்டு மாணவி ஒருவர் வந்து அளந்தார். முதல் துண்டில் மீட்டர் எதையும் காட்டவில்லை. இரண்டாவது துண்டில் சில பத்து ஓம் காட்டியது. அரங்கில் கைதட்டல்.)

நன்றி அம்மா. கைதட்டல் கரிக்கா, உங்களுக்கா என்று தெரியவில்லை. பார்த்தீர்களா? ஒன்று மின்காப்புப் பொருள், இன்னொன்று கடத்தி. 400 டிகிரியில் வெந்த துண்டுக்குள்ளும் எஸ்.பி.2 அணுக்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவை சின்னச் சின்னத் தீவுகள். நடுவில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒட்டிக்கொண்டு ஒரு தீவை இன்னொரு தீவோடு சேர விடாமல் தடுக்கின்றன. 900 டிகிரிக்குப் போகும்போது அவற்றில் பெரும்பகுதி வாயுவாக வெளியேறிவிடும். தீவுகள் வளர்ந்து ஒன்றையொன்று தொடும். மின்சாரத்துக்குப் பாதை கிடைத்துவிடும்.

இங்கேதான் என் துறையின் முக்கியமான பாடம் இருக்கிறது. "எஸ்.பி.2 எத்தனை சதவீதம், எஸ்.பி.3 எத்தனை சதவீதம்?" இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் போதாது. மின்பண்பைப் பொறுத்தவரை, இருக்கும் எஸ்.பி.2 அணுக்கள் எப்படிக் கூடியிருக்கின்றன என்பதே பெரிய கேள்வி. ஜான் ராபர்ட்சன், ஓரெய்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1987-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எஸ்.பி.3 பிணைப்புகளின் ஆற்றல் நிலைகள் வெகு கீழேயும் வெகு மேலேயும் இருக்கும். பை எலெக்ட்ரான்களின் நிலைகள் நடுவில் வந்து உட்காரும். ஆகவே படலத்தின் ஆற்றல் இடைவெளியைத் தீர்மானிப்பது பை எலெக்ட்ரான்கள். அவர்கள் கணக்கின்படி ஒரு தீவில் எத்தனை அறுகோண வளையங்கள் இருக்கின்றனவோ, அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இடைவெளி குறையும். வளையங்கள் நான்கு மடங்கானால் இடைவெளி பாதி. தீவுகள் நெளிந்திருந்தால் கணக்கு மாறும் என்று பிற்பாடு தெரிய வந்தது. ஆனாலும் தீவு வளர்ந்தால் இடைவெளி சுருங்கும் என்ற அடிப்படை நிலைத்து நிற்கிறது.

சதவீதம் மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இன்னோர் உதாரணம். ஹைட்ரஜன் கலந்த கார்பன் படலங்களில் கடினமானது, மென்மையானது என்று இரண்டு வகை. கடினமான வகையில் எஸ்.பி.3 சுமார் 40 சதவீதம். மென்மையான, பிளாஸ்டிக் மாதிரியான வகையில் சுமார் 60. வைரப் பிணைப்பு அதிகமாக இருப்பதுதான் மெத்தென்று இருக்கிறது! காரணம் எளிது. மென்மையான வகையில் அந்தக் கைகளில் பல, அடுத்த கார்பனைப் பிடிக்காமல் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே முடிந்துவிடுகின்றன. வலை பின்னப்படுவதில்லை. ஹைட்ரஜனே இல்லாமல் எஸ்.பி.3 80 சதவீதத்தைத் தாண்டிய படலம் ஒன்று உண்டு. அது வைரத்தை நெருங்கும் கடினம் கொண்டது. அதன் ஆற்றல் இடைவெளி 2.5 எலெக்ட்ரான் வோல்ட் வரை போகும். 5.5-க்குப் போவதில்லை. மீதியிருக்கும் கொஞ்சம் எஸ்.பி.2 தன் வேலையைக் காட்டிவிடுகிறது.

அடுத்து, இந்தப் படலத்துக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது? ஜெர்மானியப் படிகத்தில் எலெக்ட்ரான் கிளம்பிவிட்டால் நெடுஞ்சாலை. படிகமற்ற கார்பனில் ஒவ்வொரு தீவிலும் எலெக்ட்ரான் மாட்டிக்கொண்டிருக்கும். ஒரு தீவில் இருந்து இன்னொரு தீவுக்குத் தாவித் தாவித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் நம் ஹாஸ்டலில் இருந்து மெஸ்ஸுக்குப் போட்டிருக்கும் செங்கல் மேல் தாவிப் போவோமே, அதே கதை. பக்கத்துச் செங்கல் ஆடினால் தள்ளியிருக்கும் செங்கல்லுக்குத் தாவுவோம் இல்லையா, எலெக்ட்ரானும் அப்படித்தான் செய்யும். வெப்பநிலை குறையக் குறைய, தூரத்தில் இருந்தாலும் தோதான தீவாகப் பார்த்துத் தாவும். இந்தத் தாவலுக்குக் கணக்கு போட்டவர் நெவில் மாட். 1977-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அவருடைய சூத்திரத்தில் வெப்பநிலையின் நான்காம் மூலம் வரும். அதன் பலன் என்ன? நம் ஆய்வகத்து வரைபடத்தை இந்தக் கார்பனுக்குப் போட்டால் நேர்கோடு வராது. வளையும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் தீவுகளைப் பார்ப்பது எப்படி? அதற்கு நம்மவர் ஒருவர் கொடுத்த கருவி இருக்கிறது. 1888-ல் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த ஒளிச்சிதறல். அவருக்கு வைரங்கள் மேல் பெரிய மோகம். லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வரும். வைரம் 1332 என்ற அலை எண்ணில் ஒரு கூர்மையான கோடு தரும். கிராஃபைட் 1580 பக்கத்தில் தரும். ஒழுங்கு குலைந்த கிராஃபைட்டில் 1350 பக்கம் இன்னொன்று எழும்பும். படிகமற்ற கார்பனில் இந்த இரண்டும் அகன்ற மேடுகளாகத் தெரியும். மேடுகளின் இடமும் உயரமும் தீவுகளின் நிலையைச் சொல்லும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தால் எஸ்.பி.2 அணுக்கள் எஸ்.பி.3-ஐவிட 50 முதல் 230 மடங்கு வரை பலமாகப் பதில் சொல்லும். அதனால் எஸ்.பி.3 சதவீதத்தை அந்த வரைபடத்தில் நேரடியாகப் படிக்க முடியாது. மறைமுகமாக ஊகிக்கத்தான் முடியும்.

இனி என் தவறு.

2016-ல் நான் ஒரு சிறிய பூச்சுத் தொழிற்சாலையில் பொறியாளர். பெயர் வேண்டாம். ஒரு வாடிக்கையாளருக்கு மெல்லிய எஃகு ஊசிகளின் மேல் கார்பன் படலம் பூச வேண்டும். கடினமாகவும் இருக்க வேண்டும். மின்சாரமும் கசியக் கூடாது. முதல் சில தொகுதிகள் நன்றாகப் போயின. பிறகு ஆர்டர் கூடியது. வேலையை வேகப்படுத்த ஒரு தடவைக்கு ஏற்றும் ஊசிகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன், மின்திறனையும் கூட்டினேன். யோசனை முழுக்க என்னுடையது. கடினம் அளந்தோம், எல்லைக்குள் இருந்தது. ஒட்டும் தன்மை பார்த்தோம், சரியாக இருந்தது. வெளி ஆய்வகத்தில் ராமன் அளவு எடுத்தோம். அவர்கள் அனுப்பிய தாளின் மேல் பகுதியில் வரைபடம், அடியில் கட்டம் போட்டு வைரத்தன்மை இத்தனை சதவீதம் என்று ஒரு எண். அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

நானூறு ஊசிகளும் திரும்பி வந்தன. "மின்சாரம் கசியுது" என்று ஒரு வரி.

எங்கள் கூடத்தில் பூச்சுக்கு முன்னால் ஊசிகளைக் கழுவித் துடைத்து அடுக்கும் வேலையில் ஒரு மூத்த தொழிலாளி இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளி. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். காப்புப் படலம் கசிந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, தூசு ஒட்டியிருந்து படலத்தில் ஊசித்துளை விழுந்திருக்கும் என்பது. கூட்டத்தில் அதைத்தான் சொன்னார்கள். "சரியாக் கழுவலை." அன்று மாலையே அவரை வேலைக்கு வர வேண்டாம், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் ஊசிகளை எடுத்துவைத்து அளந்தேன். ஊசித்துளை என்றால் ஓர் இடத்தில் கசிய வேண்டும், இன்னோர் இடத்தில் கசியக் கூடாது. இருபது ஊசிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் பல இடங்களில் பார்த்தேன். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மின்தடை. சந்தேகம் வந்தது. துளை வழியாக உலோகம் உலோகத்தைத் தொட்டிருந்தால், சூடாக்கும்போது மின்தடை கொஞ்சம் ஏற வேண்டும். சூடாக்கினேன். இறங்கியது! கசிவது துளை வழியாக இல்லை. படலமே கடத்துகிறது. நம் முதலாண்டுப் பரிசோதனையைப் போலவே வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்து வரைபடம் போட்டேன். கோடு நேராக வரவில்லை, வளைந்தது. தீவுக்குத் தீவு தாவும் மின்சாரத்தின் அடையாளம்.

அந்த ராமன் தாளை எடுத்து, இந்தத் தடவை மேலே இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். பழைய தொகுதியின் தாளையும் பக்கத்தில் வைத்தேன். 1350 பக்கத்து மேடு எழும்பியிருந்தது. மற்ற மேடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. தீவுகள் வளர்ந்துவிட்டன என்று அந்தப் படம் முன்பே சொல்லியிருக்கிறது. சூடு அதிகமாகிவிட்டது. மெல்லிய ஊசி, சூட்டை வாங்கிக்கொள்ளும் எடையும் இல்லை, வெளியே தள்ளும் வழியும் இல்லை. நான் மின்திறனைக் கூட்டியதும் ஊசி வெந்துவிட்டது. எஃகும் கெடவில்லை, கடினமும் பெரிதாக மாறவில்லை. மின்காப்பு மட்டும் போய்விட்டது.

ஷிஃப்ட் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த அண்ணனின் கையெழுத்தில் இருந்தது: "ஊசி ரொம்ப சூடாகுது. கலர் மாறுது. எஞ்சினியர் சாரிடம் சொல்லியாச்சு." அப்போதுதான் நினைவு வந்தது. சொன்னார். நான் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டியிருந்தேன்.

இது எனக்குத் தெரிந்தது இரண்டாம் நாள். நிர்வாகத்திடம் நான் சொன்னது ஒன்பதாம் நாள். நடுவில் ஏழு நாட்கள். அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு பேச்சு நடந்துகொண்டிருந்தது. "இன்னும் ஒரு தடவை உறுதி பண்ணிக்கலாம்", "திங்கள்கிழமை சொல்லலாம்" என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நண்பர்களே, இந்த ஏழு நாட்களுக்கு எந்தச் சூத்திரத்திலும் விளக்கம் கிடையாது. பயம், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் தாள்களை எடுத்துக்கொண்டு போய் மேலாளர் முன்னால் வைத்தேன். தவறு என்னுடையது என்று எழுதியும் கொடுத்தேன். அண்ணன் திரும்ப வேலைக்கு வந்தார். பதவி உயர்வு எனக்கு அந்த வருடம் வரவில்லை, அது நியாயம்தான். ஒன்பது நாள் கூலியை நான் கையில் இருந்து கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "சொன்னீங்களே சார், அது போதும். ஆனா இந்த ஒன்பது நாள் எங்க வீட்ல அடுப்பு எப்படி எரிஞ்சதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் என்னோடு இருக்கிறது.

அதன் பிறகு ஊசிகள் உட்காரும் மேடையில் வெப்பமானி வைத்தோம். பூச்சுக்கு நடுவே ஆற விட்டு ஆற விட்டுத் தொடர்ந்தோம். மின்தடையை எங்கள் கூடத்திலேயே அளக்கத் தொடங்கினோம். காலைக் கூட்டத்தில் முதலில் படிப்பது ஷிஃப்ட் பதிவேட்டின் குறிப்புப் பகுதி. இன்று நான் வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். அங்கேயும் இதே வழக்கம்தான்.

சூடு ஏறினால் எப்போதும் கார்பன் கடத்தும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2023-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஓர் அணு கனமுள்ள படிகமற்ற கார்பன் தாளை வளர்த்தார்கள். வளர்க்கும் வெப்பநிலையை வெறும் 25 டிகிரி கூட்டியபோது மின்தடை 100 கோடி மடங்கு ஏறிவிட்டது. அங்கே சூடு கூடியதும், சில நானோமீட்டர் அளவில் இருந்த நடுத்தர ஒழுங்கு குலைந்துபோனது. தயாரிக்கும் விதம் வேறு, விளைவும் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். அணு அதே கார்பன் அணு. அது யாரோடு, எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தத் துறையில் வேலை இருக்கிறதா என்று மாணவர்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இருக்கிறது. கணினியின் ஹார்ட் டிஸ்க் தட்டின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் காவல் காப்பது படிகமற்ற கார்பன். டீசல் எஞ்சின் இன்ஜெக்டர்களில், சவர பிளேடுகளில் இது இருக்கிறது. சோடியம் அயனி பேட்டரியின் எதிர்முனைக்கு, கிராஃபைட்டாக மாற மறுக்கும் கடினக் கார்பனைப் பயன்படுத்துகிறார்கள். 2000-ல் ஸ்டீவன்ஸ், டான் என்ற இருவர் குளுக்கோஸைக் கரியாக்கிச் செய்த கார்பன், கிராமுக்குச் சுமார் 300 மில்லி ஆம்பியர் மணி சோடியத்தைச் சேமித்தது. சர்க்கரையைக் கருக்கி பேட்டரி! கருகினால் கிராஃபைட்டாகும் கார்பன் எது, ஆகாதது எது என்று 1951-லேயே பிரித்துக் காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. படத்துக்காக நாம் அறிந்த அதே அம்மையார், அதற்கு முன் பல ஆண்டுகள் கரியை ஆராய்ந்தவர்.

கடைசியாக ஒரு வேண்டுகோளும் ஒரு செய்தியும்.

வேண்டுகோள் மாணவர்களுக்கு. தாளின் அடியில் கட்டம் போட்ட எண்ணைப் பார்க்கும் முன் மேலே இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். அதற்கும் முன்னால், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். போனை வைத்துவிட்டுக் கேளுங்கள். தவறு தெரிந்தால் தெரிந்த அன்றே சொல்லுங்கள். உங்கள் தாமதத்துக்கான கூலியை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

செய்தி இது. எங்கள் 2007 பேட்ச் நண்பர்கள் சேர்ந்து நம் இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு சிறு உலையும், பத்து மல்டிமீட்டரும், எண்ணெய்க் குவளைகளும் தர முடிவு செய்திருக்கிறோம். கல்லூரி ஒப்புக்கொண்டால் ஒரு புதிய பரிசோதனை சேர்க்கலாம். ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டில் இருந்து ஒரு சிரட்டையோ மரத்துண்டோ கொண்டுவந்து, கரியாக்கி, அதன் மின்தடை வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று வரைய வேண்டும். ஒரு கரி மாதிரி இன்னொரு கரி இருக்காது. கோடு நேராகவும் வராது. ஆகவே முந்தின பேட்ச் அண்ணனின் நோட்டு யாருக்கும் உதவாது!

முதல் வரிசையில் ஓய்வு பெற்ற எங்கள் பேராசிரியர் உட்கார்ந்திருக்கிறார். சார், அன்றைக்கு நீங்கள் அந்த எட்டுப் புள்ளிக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தால், 2016-ல் அந்த வளைந்த கோட்டையும் நான் எப்படியாவது நேராக்கியிருப்பேன். ஒருவரின் பிழைப்பு போயிருக்கும். நீங்கள் போட்ட ஆறு மதிப்பெண்ணுக்கு, அவர் சார்பாகவும் என் சார்பாகவும் நன்றி.